செத்த வண்டிக்குத் தண்ணீர்

இது நடந்தது. எனக்கே நடந்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், என் மச்சான் மட்டும் சிரிக்க மாட்டான். அவனும் கூட இருந்தான். பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, மரத்தடியில் வெள்ளைச் சேலை என்று எதிர்பார்ப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இது பட்டப்பகலில் நடந்தது. தார் உருகி டயரில் ஒட்டிக்கொள்கிற வெயிலில்.

என் தொழில் வண்டி இழுப்பது. வழியில் படுத்துவிட்ட லாரிகளைத் தூக்கிக் கட்டி, பட்டறையில் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். கூட இருப்பவன் என் மனைவியின் தம்பி. எனக்குக் கல்யாணமான புதிதில் சும்மா ஒத்தாசைக்கு என்று வந்தவன், அப்படியே தங்கிவிட்டான். நல்ல வேலைக்காரன். ஆனால் ரோஷக்காரன். ஒரு சொல் கூடச் சொல்லக்கூடாது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அரைநாள் பேச மாட்டான். என் மனைவிக்குக் கூடப் பிறந்தது அவன் ஒருவன்தான். அவனைக் காலையில் கூட்டிப் போகிற மாதிரியே சாயந்தரம் கொண்டுவந்து விட வேண்டும் என்பது வீட்டில் எனக்குப் போட்டிருக்கிற சட்டம்.

அன்றைக்குக் காலையில் ஒரு லாரி முதலாளி போன் செய்தார்.

"மலையில ஏறுறப்ப வண்டி நின்னுபோச்சு. டிரைவர் அப்படியே விட்டுட்டு ஓடிட்டான். ரோட்டுக்காரங்க எடஞ்சலா இருக்குன்னு அடிவாரத்துல எறக்கி விட்டிருக்காங்க. லோடு வேற வண்டிக்கு மாத்தியாச்சு. மலைக்கு அந்தப் பக்கம் நம்ம பட்டறையில சேர்த்துடுங்க."

"எத்தனை நாளா நிக்குது?"

"மூணு நாள் ஆச்சு."

மூடிக்கிடந்த ஒரு பெட்ரோல் பங்க் பக்கத்தில் அது நின்றது. மூன்று நாள் கேட்பாரில்லாமல் நின்ற வண்டியில் என்ன மிஞ்சும்? டீசல் டேங்க்கின் மூடி இல்லை. பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மச்சான் ரேடியேட்டர் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான்.

"ஒரு சொட்டு இல்ல மாமா. காஞ்சு கெடக்கு. சூடாகித்தான் நின்னிருக்கும்."

பிறகு கியர் பாக்ஸையும் பின்சக்கரத்தையும் இணைக்கிற ஷாஃப்ட்டைக் கழற்ற வண்டிக்கு அடியில் போனான். இழுக்கிற வண்டிக்கு முதல் வேலை அதுதான். முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டினாலும் பின்சக்கரம் உருளும். ஷாஃப்ட் இருந்தால் கியர் பாக்ஸும் சேர்ந்து சுற்றும். எஞ்சின் ஓடாததால் உள்ளே ஆயில் ஏறாது. பத்து மைல் போவதற்குள் வெந்து கரியாகிவிடும். தெரியாதவன் செய்கிற தவறு, ஒரே தடவைதான் செய்வான்.

அடியில் இருந்தபடியே மச்சான் கூப்பிட்டான்.

"மாமா, கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க."

குனிந்து கேட்டேன். டிக்… டிக்… டிக்… நெடுந்தூரம் ஓடிய எஞ்சினை நிறுத்தினால், சூடு ஆறும்போது இரும்பு சுருங்கி வருகிற சத்தம்.

"வெயில் சூடுடா," என்றேன். ஷாஃப்ட்டைக் கழற்றி எங்கள் வண்டியில் போட்டோம்.

பன்னிரண்டு மணி வாக்கில் மலை ஏறத் தொடங்கினோம்.

எங்கள் வண்டியில் கியர் தானாக மாறும். அதற்குத் தனி ஆயில், தனி கூலர். டாஷ்போர்டில் இரண்டு முள் உண்டு. ஒன்று எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் காட்டும், இன்னொன்று கியர் ஆயிலின் சூட்டை. பாரம் இழுத்துக்கொண்டு மலை ஏறும்போது சாலையைப் பார்ப்பதை விட அந்த முட்களைத்தான் அதிகம் பார்ப்போம். கியர் மேலும் கீழும் அலையாதபடி ஒரு கியரில் பிடித்துப் போட வேண்டும். ஏசியைத் தொடக்கூடாது. சூடு ஏறினால் ஹீட்டரை முழுசாகத் திறந்து, எஞ்சினின் சூட்டை நம் முகத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சூடான வண்டியை நிறுத்தினால் சாவியை மட்டும் திருப்பக்கூடாது. நியூட்ரலில் போட்டு, காலை ஆக்சிலேட்டரில் லேசாக வைத்துக்கொண்டு, தண்ணீரையும் ஆயிலையும் ஓடவிட்டுத்தான் ஆற்ற வேண்டும். உடனே அணைத்தால் அந்தச் சூடு உள்ளேயே தேங்கி எஞ்சினைத் தின்றுவிடும்.

பின்னால் வருவது காலி வண்டி. இதைவிட இரண்டு மடங்கு பாரத்தை அதே மலையில் இழுத்திருக்கிறேன். ஆனால் மூன்றாவது வளைவு தாண்டுவதற்குள் இரண்டு முள்ளும் நகர ஆரம்பித்தன.

"லோடு எறக்கிட்டாங்கன்னு சொன்னாரே, பாத்தியா நீ?"

"பின்னாடி ஏறிப் பாத்தேன் மாமா. துடைச்ச மாதிரி இருக்கு."

ஹீட்டரைத் திறந்தேன். அனல் முகத்தில் அறைந்தது. இருவரும் தொப்பலாக நனைந்தோம். முள் நிற்கவில்லை. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு யாரோ பின்னால் உட்கார்ந்திருக்கிற மாதிரி வண்டி திணறியது.

இன்னும் இரண்டு வளைவு. முள் சிவப்பைத் தொட்டது. அப்போதுதான் ஹீட்டரிலிருந்து வந்த அனல் மாறியது.

குளிர்ந்த காற்று.

உள்ளே தண்ணீர் இல்லையென்றால் ஹீட்டர் குளிரும். இது எங்களுக்குப் பால பாடம். ஆனால் அந்தக் காற்றில் ஈர மண் வாசம் வந்தது. மச்சான் கையை நீட்டித் தொட்டுப் பார்த்துவிட்டு, சட்டென்று இழுத்துக்கொண்டான்.

ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்த ஒரு வளைவில் நிறுத்தினேன். நியூட்ரல். கால் ஆக்சிலேட்டரில். மச்சான் இறங்கி முன்னால் போய்ப் பார்த்தான். எங்கள் வண்டியின் தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் வேண்டிய அளவுக்கு இருந்தது.

"எதுக்கும் கேனை எடுத்து வை," என்றேன்.

காலையில் இரண்டு நீலக் கேன் நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தோம். அவன் இரண்டையும் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினான். மூடி மூடியபடியே இருந்தது. உள்ளே ஈரம் கூட இல்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "காலையில என்னத்தப் புடிச்ச நீ? உன்னை நம்பி மலை ஏறுனேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அவன் முகம் சிறுத்துப் போனது. வெடுக்கென்று ஒரு கேனை எடுத்துக்கொண்டான். பள்ளத்தின் பக்கம் ஒற்றையடிப் பாதை ஒன்று இறங்கியது. கீழே எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம். எஞ்சின் இரைச்சலைத் தாண்டி எனக்கும் தெளிவாகக் கேட்டது. சலசல… சலசல…

அவன் இறங்கி மறைந்தான்.

நான் உட்கார்ந்திருந்தேன். காலை எடுக்க முடியாது, இறங்க முடியாது. ஈ காக்கை இல்லை. முள் சிவப்பிலேயே நின்றது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது.

மச்சானைத் திட்டியிருக்க வேண்டாம் என்று மனம் அடித்துக்கொண்டது. கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தேன்.

வந்துவிட்டான். பின்பக்கமாக, பள்ளத்திலிருந்து ஏறி வந்தான். தோளில் கேன். அதன் மறைவில் முகம் தெரியவில்லை. தலையிலிருந்து கால் வரை நனைந்திருந்தான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஆனால் அவன் என்னிடம் வரவில்லை. பின்னால் தூக்கிக் கட்டியிருந்த லாரியின் பம்பரில் ஏறினான். அதன் ரேடியேட்டரில் தண்ணீரை ஊற்றினான்.

களக்… களக்… களக்…

"டேய், அது செத்த வண்டிடா. இங்க கொண்டா."

திரும்பவில்லை. நிதானமாக ஊற்றினான். கேன் அவ்வளவுதான் பிடிக்கும் என்ற கணக்கெல்லாம் தாண்டி ஊற்றிக்கொண்டே இருந்தான். மூடியைத் திருகினான். பிறகு அந்த லாரியின் கதவைத் திறந்து, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினான்.

தூக்கிக் கட்டிய வண்டிக்குள் ஆள் உட்காரவே கூடாது. மச்சானுக்குத் தெரியாததா? என் மேல் உள்ள கோபம், பக்கத்தில் உட்காரப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். இறங்கிப் போய் இழுத்து வரலாம் என்று கதவில் கை வைத்தேன். பின்னால் வந்த பஸ் ஒன்று வழி கேட்டு விடாமல் ஹாரன் அடித்தது. அந்த நேரம் பார்த்து இரண்டு முள்ளும் இறங்கின. மளமளவென்று இறங்கி நடுவில் நின்றன.

மலையில் முள் இறங்கினால் அந்த நேரத்தை வீணாக்கக் கூடாது. கியரைப் போட்டு நகர்ந்தேன்.

வண்டி என்ன சுகமாக ஏறியது தெரியுமா. பின்னால் ஒன்றுமே கட்டாத மாதிரி. பஸ் முந்திப் போனது. சாவகாசமாகக் கண்ணாடியில் பார்த்தேன். வெயில் பட்டு லாரியின் முன்கண்ணாடி பளபளத்தது. முகம் தெரியவில்லை. ஸ்டீயரிங்கில் இரண்டு கை மட்டும் தெரிந்தது. முன்சக்கரம் அந்தரத்தில் தொங்குகிற வண்டிக்கு ஸ்டீயரிங் எதற்கு? ஆனாலும் வளைவுக்கு வளைவு அந்தக் கைகள் சரியாகத் திருப்பின. வளைவுக்கு முன்னால் இடது கை கீழே போனது, கியர் மாற்றுகிற மாதிரி.

'லாரி ஓட்டி விளையாடுறியா, வீட்டுக்கு வா உங்க அக்காகிட்டச் சொல்றேன்' என்று சிரித்துக்கொண்டேன்.

அடுத்தது எதிரில் வருவது தெரியாத வளைவு. நான் ஹாரனில் கை வைப்பதற்குள் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

பாம்… பாஆம்…

நன்றாக அடிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பேட்டரி இல்லாத வண்டி அது.

அப்போது என் போன் அடித்தது. திரையில் மச்சான்.

"மாமா, எங்க போனீங்க?"

போனைக் காதிலிருந்து எடுத்து, திரையில் அவன் பெயரை மறுபடி பார்த்தேன்.

"மாமா, கேக்குதா? நான் இன்னும் அந்த வளைவுலதான் நிக்கிறேன். என்னை விட்டுட்டு எங்க போனீங்க?"

"நீ… நீ பின்னாடி வண்டியில இல்ல?"

"என்ன மாமா பேசுறீங்க? பாதி தூரம் எறங்கிப் பாத்தேன். கீழ தண்ணியே இல்ல. ஓடை காஞ்சு கெடக்கு. கேன் காலியா என் கையிலதான் இருக்கு."

கண்ணாடியைப் பார்த்தேன்.

கைகள் ஸ்டீயரிங்கில் இருந்தன. பக்கத்து சீட்டில் நிறுத்தியிருந்த கேன் வெள்ளை நிறம். எங்களுடையது நீலம்.

"மச்சான், நான் சொல்றதக் கேளு. ரோட்டை விட்டு நகராத. எந்த வண்டி வந்தாலும் நிறுத்தி ஏறிக்க. கீழ மட்டும் போகாத."

"சரி மாமா… மாமா?"

"என்னடா?"

"நீங்க கீழயா நிக்கிறீங்க?"

"இல்லடா. நான் வண்டியில இருக்கேன்."

"அப்ப கீழ இருந்து கூப்புடுறது…"

போன் அறுந்தது.

கண்ணாடியைப் பார்த்தேன்.

சீட் காலி.

முட்கள் ஏறின. ஒரே மூச்சில் சிவப்பு. வண்டி மறுபடி திணறியது.

அது பின்னால் இல்லை என்றால் எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நிறுத்தினேன். கொதிக்கிற எஞ்சின். வாழ்நாளில் செய்யாததைச் செய்தேன். சாவியைத் திருப்பி அணைத்தேன். எஞ்சின் எக்கேடு கெட்டாலும் போகட்டும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு ஓடினேன். இறக்கத்தில், தார் செருப்பில் ஒட்ட ஒட்ட, அவன் பெயரைக் கத்திக்கொண்டு ஓடினேன்.

வளைவில் அவன் இல்லை.

ஒற்றையடிப் பாதையில் கீழே அவன் முதுகு தெரிந்தது. மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தான். கூப்பிட்டேன். திரும்பவில்லை. சறுக்கி விழுந்து, எழுந்து போய் அவன் காலரைப் பிடித்தேன். இன்னும் நாலடி வைத்திருந்தால் செங்குத்துப் பள்ளம்.

அவன் என்னையும் பார்த்தான், பள்ளத்தையும் பார்த்தான்.

"நீங்கதான மாமா கூப்பிட்டீங்க. 'தண்ணி இங்க இருக்கு, வா'ன்னு. உங்க குரல்தான்."

அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிறகுதான் அந்த நாற்றம் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. எட்டிப் பார்த்தோம். கீழே காய்ந்த ஓடை. பாறைகளுக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கேன். அதன் பிடியில் ஒரு கை.

டிரைவர் ஓடிப்போகவில்லை.

போலீஸ் வந்தது. ரோட்டுக்காரர்களும் வந்தார்கள். மூன்று நாள் முன்பு அந்த லாரி நின்றது இதே வளைவில்தான் என்று அடையாளம் காட்டினார்கள். ரேடியேட்டருக்குத் தண்ணீர் தேடி இறங்கியிருக்கிறான். கால் வழுக்கியிருக்கிறது, போனும் பாறையில் அடிபட்டு நொறுங்கியிருக்கிறது. விழுந்த அன்றைக்கே உயிர் போயிருக்காது, தொடை எலும்பு உடைந்து நகர முடியாமல் தாகத்தில்தான் போயிருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னாராம். மேலே லாரியை இறக்கியவர்களில் ஒருவர் கூடப் பள்ளத்தை எட்டிப் பார்க்கவில்லை.

எங்கள் வண்டிக்குப் போய்ச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் போயிருக்கும் என்றே நினைத்தேன். தொட்ட உடனே எடுத்தது. இரண்டு முள்ளும் அடியில் கிடந்தன, விடியற்காலையில் முதல் தடவை எடுக்கிற வண்டி போல. லாரியைப் பட்டறையில் விட்டுவிடும்படி போலீஸே சொன்னது. மச்சான் பக்கத்தில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் பின்னால் பார்க்கிற கண்ணாடியை மடக்கி வைத்தான். இறங்கும்போது எதிர் தெரியாத வளைவுகளில் நான் ஹாரனைத் தொடவில்லை. தொட வேண்டியிருக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் பட்டறைக்கு வந்தோம். மெக்கானிக் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார்.

"தண்ணி விளிம்பு வரைக்கும் இருக்கே. ஐஸ் மாதிரி இருக்கு. என்னத்துக்கு நின்னதாம் இது?"



அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்து அந்த டிரைவர் வீட்டுக்குப் போனோம். போகாமல் இருக்க முடியவில்லை. இரண்டே அறை. உள் அறைக்கு ஒரு திரை. அவர் மனைவி எங்களை உட்காரச் சொன்னார். அழுது ஓய்ந்த முகமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். அப்படி இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவர் முகம் போல இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் பயம் வந்தது.

நாங்கள் யார் என்று சொன்னேன். தலையாட்டினார்.

"கடைசியா மலையில இருந்து போன் பண்ணுனாரு. எஞ்சின் சூடாயிருச்சு, விட்டுட்டு வந்துர்றேன்னு முதலாளிகிட்டக் கேட்டாராம். வண்டி இல்லாம வராதன்னு சொல்லிட்டாராம் அவரு. 'வண்டியோடதான் வருவேன், நீ சாப்பிட்டுப் படு'ன்னு என்கிட்டச் சொன்னாரு."

மச்சான் தலையைக் குனிந்துகொண்டான்.

"அதான் நீங்க வண்டியக் கொண்டாந்து விட்டீங்கள்ல?" என்றார் அந்த அம்மா. "அன்னைக்கு வெளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்துட்டாரு."

நான் என்ன கேட்கிறேன் என்று தெரியாமலே கேட்டேன். "யாரு?"

அவர் விரலை உதட்டில் வைத்தார்.

"மெல்லப் பேசுங்க. தாகம், தாகம்னு ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல. இப்பத்தான் படுத்தாரு."

திரை அசையவில்லை. அதற்கு உள்ளே பானையின் மூடியை யாரோ எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு குடிக்கிற சத்தம். மடக்… மடக்… மடக்… நிற்கவே இல்லை.

மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்தான். நாங்கள் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வெளியே வந்துவிட்டோம்.